முயலுக்குக் கேட்ட மருந்து

மதுரையின் நாட்டு மருந்துக் கடைகளில் குக்குலு என்று கேட்டால், பழுப்பு நிறப் பிசின் கட்டிகளை நிறுத்துத் தருவார்கள். இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி வாங்குவோர் உண்டு. இந்த நம்பிக்கை வலுப்பட்டதில் முயல்களுக்கும் பங்கு உண்டு. எப்படி என்று பார்ப்போம்.

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களே தமனிகள். கால்வாயில் வண்டல் படிவதுபோல் கொலஸ்டிரால் இவற்றின் உட்பரப்பில் படிவதில்லை. சுவருக்குள்ளேயே புகுந்து அதைத் தடிக்கச் செய்கிறது. ஒரு குழாய் அதன் நீளம் முழுவதும் பாதி விட்டமாகச் சுருங்கினால், அதே அழுத்தத்தில் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும்! மனிதரிடம் இந்நோய் பல ஆண்டுகள் மறைந்து வளர்கிறது. ஆகவேதான் ஆய்வாளர்கள் விலங்குகளை நாடினர்.

1913இல் ரஷியாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கொலாய் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிச் சுவர்களில் கொழுப்புத் திட்டுகள் தோன்றின. எலிகளிடம் இம்முறை பலிக்கவில்லை. எலியின் கல்லீரல் கொலஸ்டிராலைப் பித்த அமிலமாக மாற்றி எளிதில் வெளியேற்றிவிடும். தாவரமே உண்ணும் முயலுக்கு அந்தத் திறன் குறைவு.

காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஜி. வி. சத்தியவதி, சுசுருத சம்ஹிதை குக்குலுவைப் பற்றிக் கூறுவதைச் சோதிக்க இதே முயல் முறையைக் கையாண்டார். 1966இல் அவர் அளித்த ஆய்வேட்டின்படி, குக்குலு கொடுத்த முயல்களின் இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்தது. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் இதை மேலும் ஆராய்ந்தது. இந்தியாவில் மனிதரிடம் நடந்த சில சோதனைகளும் நல்ல பலன் காட்டின. 1980களின் பிற்பகுதியில் மருந்தும் விற்பனைக்கு வந்தது.

ஆனால் அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2003இல் வெளியாயிற்று. குக்குலு உண்டவர்களுக்குத் தீங்கான எல்.டி.எல். கொலஸ்டிரால் குறையவில்லை, 4 முதல் 5 சதவீதம் கூடியிருந்தது. சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. ஜப்பானில் அகிரா எண்டோ ஒரு பூசணத்திலிருந்து பிரித்த பொருள், எலிகளின் இரத்தக் கொலஸ்டிராலைக் குறைக்கவில்லை. அத்துடன் கைவிட்டிருக்கலாம். ஆனால் முட்டையில் கொலஸ்டிரால் மிகுதி என்பதை எண்ணி, 1976இல் முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், குறைந்தது! பின்னர் நாய்களிடமும் குரங்குகளிடமும் பலன் தெரிந்தது. இவ்வழியில் வந்தவையே இன்று பலர் உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரைகள். அவற்றில் லோவாஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

முயல் 'ஆம்' என்றது மனிதரிடம் உறுதிப்படவில்லை. எலி 'இல்லை' என்றது மனிதருக்குப் பயன்பட்டது. விலங்குகள் தருவது தடயம், தீர்ப்பு அன்று. ஆகவே, விலங்குக்குக் கேட்டது என்ற செய்தியை மட்டும் நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரையை யாரும் நிறுத்தலாகாது.