சோளத்தட்டையில் எழுந்த கோபுரம்

கதிரை ஒடித்தபின் வயலில் எஞ்சும் சோளத்தட்டை பெரும்பாலும் மாட்டுத் தீனியாகும்; அல்லது மண்ணோடு மண்ணாகும். அத்தகைய தட்டையைக்கொண்டு ஏறத்தாழ 40 அடி உயரமான கோபுரம் ஒன்று 2014 ஆம் ஆண்டுக் கோடையில் நியூயோர்க் நகரில் எழுந்தது. குவீன்ஸ் பகுதியிலுள்ள மோமா பி.எஸ். 1 கலைக்கூடத்தின் முற்றமே அதன் இடம். 'ஹைபை' என்பது பெயர். ஆக்கியோர் டேவிட் பெஞ்சமின் என்னும் கட்டடக் கலைஞரும் அவருடைய 'தி லிவிங்' குழுவினரும் ஆவர். சிற்பமா, கட்டடமா என வினவின், இரண்டும் எனலே தகும். உள்ளே புகுந்து அண்ணாந்து பார்க்கலாம், குடியிருத்தல் இயலாது.

அதன் 10,000 செங்கற்களும் சூளையிற் சுடப்பட்டவையல்ல, பெரும்பாலானவை வளர்க்கப்பட்டவை. நறுக்கிய தட்டையுடன் காளானின் நுண்ணிழைகளைக் கலந்து அச்சில் இட்டால், அவ்விழைகள் தட்டையை உண்டு, அதனூடே பின்னிப் படர்ந்து, சில நாட்களில் ஒரே கட்டியாக இறுக்கிவிடும். பின் உலர்த்தினால் வளர்ச்சி நின்றுவிடும். கையில் எடுத்தால் மிக இலேசானது அக்கல்.

இடர் அங்கேதான் இருந்தது. கருங்கல்லின் இயல்பைச் சிற்பி தட்டிப் பார்த்தே அறிவான்; அவனுக்குமுன் பல தலைமுறையினர் அதே கல்லில் உழைத்துள்ளனர். காளான் கல்லுக்கோ அத்தகைய மரபு இல்லை. தன் பாரத்தால் அது நொறுங்கும் என்பதைவிட, காற்றிற் சாய்ந்துவிடும் என்பதே பெரிய அச்சமாயிற்று. எனவே கல்லைப் பலவாறு சோதித்து, பெற்ற அளவுகளைக் கணினிக்கு ஊட்டி, புயற்காற்றில் சுவரின் எப்பகுதி எவ்வளவு விசையைத் தாங்கவேண்டும் எனக் கணித்தனர். வடிவம் சிறிது மாறினும் கணக்கு முழுவதும் மாறும். கையாற் செய்யின் நாட்கள் பல கழியும். இங்கே கணினி படம் வரையும் கருவியன்று, அனுபவத்தின் இடத்தை நிரப்பிய கருவி. முடிவில் நின்றவை வளைந்த சுவர்களே. தாளை நிறுத்தினால் விழும். சுருட்டி நிறுத்தினால் நிற்குமன்றோ?

அடிப்புறத்து இடைவெளிகளால் குளிர்ந்த காற்று புகுந்து, வெப்பக் காற்று உச்சியால் வெளியேறியது. உச்சியில் மட்டும் ஒளியைக் கீழே தெறிக்கச்செய்யும் பளபளப்பான கற்கள் இருந்தன. முன்னர் காளான் கற்களை வளர்த்த அச்சுகளே அவை!

இக்கல்லால் தலைமுறைகள் வாழும் வீடு கட்டலாம் எனின் அது மிகை. நிலைத்து நிற்பது அதன் நோக்கமன்று. கோடை முடிந்ததும் கோபுரம் பிரிக்கப்பட்டது. காளான் கற்கள் கூட்டெருவாகி, அயலிலுள்ள தோட்டங்களுக்குச் சென்றன.