ஊசிமுனையில் மூளையும் இதயமும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் திருவேற்காட்டில் கருமாரியம்மன் கோயிலை நோக்கி மக்கள் திரளுவர். அம்மன் விழாக்களில் அலகு குத்திக்கொண்டு நடப்பவரைக் காணும்போது, "இவர்களுக்கு வலிக்காதா?" என்று எண்ணாதவர் இலர். ஊசி குத்தினால் வலிப்பது இயல்பு. அதே ஊசியைக் கொண்டு வலியைப் போக்க முடியும் என்கிறது, சீனாவில் ஈராயிரம் ஆண்டுகளாக வழங்கிவரும் அக்குபங்சர் மருத்துவம். அது மூளையையும் இதயத்தையும் எவ்வாறு தொடுகிறது, எந்த அளவிற்குத் தொடுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

இந்தியாவிற்கு வந்த வரலாறு

1938இல், ஜப்பானுடன் போரிட்டுக்கொண்டிருந்த சீனாவிற்கு இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் ஒருவரான டாக்டர் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர் நீத்தார். உடன் சென்ற டாக்டர் பி.கே. பாசு தாயகம் திரும்பினார். பின்னர் 1950களின் இறுதியில் இக்கலையைச் சீனாவில் கற்று, கல்கத்தாவில் மருத்துவம் செய்யத் தொடங்கினார். மேற்கு வங்க அரசு 1996இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நமக்கு அருகிலுள்ள அரும்பாக்கத்தின் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரியிலும் இது ஒரு பாடமாகும்.

மூளையில் நிகழ்வது என்ன?

உடலில் 'சி' என்னும் உயிராற்றல் ஓடும் பாதைகள் உண்டென்றும், அவற்றின் புள்ளிகளிலேயே ஊசி செருகப்படுகிறது என்றும் சீன நூல்கள் கூறும். அப்பாதைகளை உடற்கூற்றியல் கண்டதில்லை. ஆனால் ஊசி தொடும் தசையில் மெல்லிய நரம்பிழைகள் உண்டு. செய்தி அவற்றின் வழியே தண்டுவடத்திற்கும், அங்கிருந்து மூளைக்கும் செல்கிறது. அப்போது மூளை எண்டார்பின் போன்ற பொருள்களைச் சுரக்கிறது. இவை அபினைப் போல வலியைத் தணிப்பவை. உடல் தானே உண்டாக்கிக்கொள்ளும் மருந்துகள் எனலாம்.

இதற்குச் சான்று என்ன? அபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்து உண்டு. 1977இல் அமெரிக்காவில் தன்னார்வலர்களின் கையில் ஊசி செருகியபோது அவர்களது பல்வலி உணர்ச்சி குறைந்தது. நலாக்சோனைச் செலுத்தியதும் அந்தப் பயன் மறைந்தது. பூட்டைக் கண்டதால் சாவியும் புலப்பட்டது!

இதயத்திற்குச் செல்லும் வழி

இரத்த நாளங்களைச் சுருக்கி அழுத்தத்தை உயர்த்தும் ஆணை, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்திலிருந்து பரிவு நரம்புகள் வழியே செல்கிறது என்பதை விலங்கியல் மாணவர் அறிவர். மணிக்கட்டிற்குச் சற்று மேலே, உள்கையின் இரு தசைநாண்களுக்கிடையே 'நெய்குவான்' என்ற புள்ளி உள்ளது. அதன் அடியில் மீடியன் நரம்பு ஓடுகிறது. மயக்கமூட்டிய பூனைகளின் கால்களில் இதற்கு இணையான இடத்தில் ஊசி செருகி, மெல்லிய மின்துடிப்பைச் செலுத்திக் கலிபோர்னியாவில் டாக்டர் லாங்ஹர்ஸ்ட் குழுவினர் ஆராய்ந்தனர். முகுளத்தின் அந்த ஆணை தளர்ந்து, செயற்கையாகத் தூண்டப்பட்ட அழுத்த உயர்வு குறைந்தது. இங்கும் எண்டார்பின் வகைப் பொருள்களே பணிபுரிந்தன.

நோயாளிகளிடம் கண்டது

வழி இருக்கிறது என்பதாலேயே நோய் தீரும் என்று கொள்ளலாமா? 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இரத்த அழுத்தம் மிகுந்த 192 பேர் பங்கேற்றனர். உரிய புள்ளிகளில் ஊசி பெற்றவர்க்கும், புள்ளியல்லாத இடங்களில் பெற்றவர்க்கும் அழுத்தம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அளவே குறைந்தது. இரு சாராரிடையே வேறுபாடில்லை. 2007இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 160 பேர் கலந்துகொண்டனர். ஆறு வாரச் சிகிச்சையில் மேல் அழுத்தம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறைந்தது; ஆனால் மூன்று மாதங்களில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. வலிக்கும் குமட்டலுக்கும் ஊசி தரும் துணையை இரத்த அழுத்தத்திற்கும் அப்படியே எதிர்பார்க்க இயலாது என்பதே இதன் பொருள்.

முடிவுரை

இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. அம்பத்தூர் ஆலையில் இரவு வேலை பார்க்கும் தந்தையோ, வீட்டில் முழங்கால் வலியோடு உழலும் பாட்டியோ, "ஊசி போட்டாயிற்று, இனி மாத்திரை எதற்கு?" என்று கேட்கக்கூடும். இரத்த அழுத்தம் ஓசையின்றி உயர்ந்து, ஒருநாள் பக்கவாதமாக வெளிப்படும் நோய். எனவே முழங்கால் வலிக்கு ஊசியை நாடுவதில் தவறில்லை. தகுதி பெற்ற மருத்துவரிடம், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் தூய ஊசியால் அது செய்யப்பட வேண்டும். ஆனால் அழுத்த மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. நெஞ்சு வலித்தால் நாட வேண்டியது மருத்துவமனையையே. கல்லூரியில் கற்கும் நாம் இதை வீட்டில் உள்ளவர்க்கு எடுத்துரைத்தால், கற்ற கல்வி ஓர் உயிரையேனும் காக்கும்.