இயங்கலைக் கல்வியும் தோட்டப்புற மாணவரும்: லுக்குட் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியாவில் 2020ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது தமிழ்ப்பள்ளிகளும் அடைபட்டன. அதுவரை கருத்தரங்குகளில் மட்டும் ஒலித்துவந்த ‘இயங்கலை’ என்னும் சொல் ஆசிரியர் அறையின் அன்றாடச் சொல்லாயிற்று. பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டுவிட்ட போதிலும், வெள்ளத்தாலோ புகைமூட்டத்தாலோ வகுப்புகள் தடைபடும் நாள்களில் நாம் நாடுவது இம்முறையையே. ஆகவே அதனைக் கடந்துபோன ஓர் இடர்க்கால ஏற்பாடாகக் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நெகிரி செம்பிலானின் லுக்குட் வட்டாரத் தோட்டப்புறச் சூழலை முன்வைத்து, இயங்கலைவழித் தமிழ் கற்பித்தல் எல்லா மாணவர்க்கும் எட்டுவதற்கும் அவர்தம் ஆர்வத்தைப் பெறுவதற்கும் வேண்டுவன யாவை என இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது. பாடத்திட்டமிடல் ஆசிரியரின் கால அட்டவணையிலிருந்து தொடங்காமல், மாணவர் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசியிலிருந்து தொடங்கவேண்டும் என்பது நம் கருத்து.

பள்ளி வீட்டுக்கு வந்தபோது

லுக்குட், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் செல்லும் சாலையில், போர்ட்டிக்சனுக்குச் சில கிலோமீட்டர் முன்பாக உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈயச் சுரங்கங்களால் பெயர்பெற்ற இவ்வூரைச் சூழ்ந்து பின்னர் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. அவற்றுட் பெரும்பகுதி இன்று செம்பனை. இஃது உட்புறக் காட்டுப்பகுதி அன்று. நகரமும் நெடுஞ்சாலையும் அருகிலேயே உள்ளன. எனவே இங்குள்ள மாணவர் இயங்கலை வகுப்பில் காணப்படாதபோது, அலைவரிசை எட்டவில்லை என்று மட்டும் சொல்லி அமைதல் இயலாது. காரணத்தை வீட்டுக்குள்ளே தேடவேண்டியுள்ளது.

தோட்டப்பள்ளியின் வரலாறு இவ்விடத்தில் நமக்குத் துணைசெய்கின்றது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என விதித்தது. அப்பள்ளிகளிற் பல, கொட்டகைகளைவிடச் சிறந்தவை அல்ல. ஆயினும் ஒன்று உறுதியாக இருந்தது: லயத்திலிருந்து நடந்து வந்துவிட்டால் போதும், இடமும் கரும்பலகையும் ஆசிரியரும் பிள்ளைக்காகக் காத்திருப்பர். இயங்கலைக் கல்வி இவ்வொழுங்கைத் தலைகீழாக்கிற்று. இடம், கருவி, மின்சாரம், இணையக் கட்டணம் அனைத்தும் பெற்றோர் தலையில் இறங்கின. நிருவாகத்தை அன்று கட்டுப்படுத்திய விதியைப்போல இன்று யாரையும் கட்டுப்படுத்தும் விதி இல்லை.

கல்வி அமைச்சு 2020இல் 670,118 பெற்றோரிடையே நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டு மாணவரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை எனத் தெரியவந்தது. திறன்பேசி உடையோர் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர். மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினரே. பின்னர் 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்க்கு மடிக்கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்கதே. எனினும் நாடு முழுவதற்குமான அவ்வெண்ணிக்கை ஒவ்வொரு தோட்டவீட்டையும் எட்டும் அளவினதன்று.

‘திறன்பேசி உண்டு’ என்னும் விடையையும் ஆழ்ந்து நோக்கவேண்டும். அக்கருவி பெரும்பாலும் தந்தையுடையது. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது அவருடன் அதுவும் புறப்பட்டுவிடும். மாலையில் அது வீடு திரும்பும்போது மூன்று பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பர். பெரும்பாலும் இடைநிலைப்பள்ளியில் பயிலும் மூத்த பிள்ளைக்கே முதலுரிமை. காலை எட்டு மணிக்கு நேரலை வகுப்பை வைத்துவிட்டு, வராதவரை ‘ஆர்வமற்றவர்’ எனப் பதிவேட்டிற் குறிப்பது எவ்வளவு பொருத்தமற்றது என்பதை விளக்கவேண்டியதில்லை.

குரலின் இடம்

நேரலைக் காணொளி வகுப்பு ஒரு மணி நேரத்தில் பல நூறு மெகாபைட் தரவை உண்டுவிடும். முன்கூட்டியே செலுத்திய கட்டணத்தில் இயங்கும் கைப்பேசிக்கு இது பெருஞ்செலவு. மாறாக, ஆசிரியர் மூன்று மணித்துளிகள் பேசிப் புலனத்தில் அனுப்பும் குரற்பதிவு பொதுவாக ஒரு மெகாபைட்டுக்குள் அடங்கும். அதனை இரவு ஒன்பது மணிக்கும் கேட்கலாம். புரியாவிடின் மீண்டும் கேட்கலாம். வகுப்பில் ‘இன்னொரு முறை சொல்லுங்கள் ஐயா’ என்று கேட்கத் தயங்கும் பிள்ளைக்கு இது தனிப் பேறு. கற்பித்தலை இவ்வாறு நேரத்தின் பிடியிலிருந்து விடுவித்தலே முதற்படி எனலாம்.

தமிழாசிரியருக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. தோட்டப்புறப் பிள்ளை வீட்டில் கேட்பது பேச்சுத்தமிழ். வெளியிற் கேட்பது மலாய். எழுத்துத்தமிழின் ஒலிப்பையும் தொடர் அமைப்பையும் அப்பிள்ளை இடைவிடாது கேட்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறை ஒன்றே. பள்ளி மூடப்படும்போது கணிதப் பாடம் பின்தங்குகின்றது. தமிழோ கேட்கப்படாமலே போகின்றது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைப் பயிற்சித்தாளின் கோடிட்ட இடங்கள் கற்பித்துவிட மாட்டா. மாணவர் ஒரு பத்தியை உரக்க வாசித்துப் பதிவுசெய்து அனுப்ப, ஆசிரியர் அவர் பெயரைச் சொல்லி விளித்து, பிழைபட்ட இரண்டு சொற்களை மட்டும் ஒலித்துக் காட்டித் திருப்பி அனுப்புவாராயின் அதுவே முழுமையான பாடம்.

எழுத்துருச் சிக்கல்

குரல் மட்டும் போதும் என்றால் செவித்திறன் குறைந்த மாணவர் விலக்கப்படுவர். எனவே ஒவ்வொரு பதிவுடனும் அதன் எழுத்துவடிவம் செல்லவேண்டும். இங்குதான் நம்மிடையே பரவலாக உள்ள ஒரு வழக்கம் தடையாகின்றது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்த பயிற்சிகளை நாம் ஆண்டுதோறும் மறுபதிப்புச் செய்து வருகின்றோம். அவ்வெழுத்துருக்களில் உரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் அமர்த்தப்பட்டுள்ளன. எழுத்துரு இல்லாத கைப்பேசியில் அவை பொருளற்ற குறிகளாகத் தோன்றும். பார்வைத்திறன் குறைந்தோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளும் அக்குறிகளையே வாசிக்கும். ஒளிப்படமாக எடுத்து அனுப்பப்பட்ட தாளிலோ அம்மென்பொருள் நேரடியாக வாசிப்பதற்கு எழுத்தே இல்லை. யூனிகோடு குறியீட்டில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தமிழாகவே பதிவாவதால் அதனைப் பெரிதாக்கலாம், தேடலாம், ஒலிக்கச் செய்யலாம். கணினித்தமிழ் முன்னோடியான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் நம் நாட்டிலேயே பிறந்தது. அத்தகைய நாட்டின் ஆசிரியர்கள் இதில் பின்தங்குவது வியப்புக்குரியது.

ஈர்ப்பு என்பது

வண்ணமும் ஓசையும் நிறைந்த விளையாட்டுப் புதிர்களே மாணவரைக் கவரும் என்னும் எண்ணம் பயிலரங்குகளில் மேலோங்கியுள்ளது. நாம் அவற்றை மறுக்கவில்லை. ஆனால் விரைவாக விடையளிப்போர்க்குக் கூடுதல் புள்ளி தரும் புதிர்களில் வேகமான இணைப்புடையவரே முந்துவர். இணைப்பு தடுமாறும் பிள்ளை விடை அறிந்தும் தோற்கும். மூன்று முறை அவ்வாறு தோற்ற பிள்ளை நான்காம் முறை வாராது. நேரவரையறையை நீக்கினால் அதே புதிர் பயன்படும்.

2021 பிப்ரவரி 17இல் தொடங்கப்பட்ட கல்வி அமைச்சின் தொலைக்காட்சி அலைவரிசை, கருவியில்லா வீடுகளையும் எட்டியது. எனினும் தொலைக்காட்சி பேசுமேயன்றிப் பிள்ளை பேசுவதைக் கேளாது. தமிழ்நாட்டின் பட்டறிவும் இதனை ஒட்டியதே. 2019 முதல் அங்குக் கல்வித் தொலைக்காட்சி இயங்கியபோதும், 2021 அக்டோபரில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கித் தன்னார்வலர்களை மாலை வேளைகளில் குடியிருப்புகளுக்கே அனுப்பவேண்டியிருந்தது.

லுக்குட் போன்ற வட்டாரத்தில் இத்தகைய ஏற்பாட்டுக்குப் பெரும் அமைப்பு வேண்டுவதில்லை. கைப்பேசியே இல்லாத வீடுகளுக்கு வாரம் ஒருமுறை அச்சிட்ட தாள்கட்டு சேரவேண்டும். அதனைப் பெற்றுக்கொள்ளவும் செய்துமுடித்ததைத் திருப்பி ஒப்படைக்கவும் தோட்டத்துக் கோயில் மண்டபம் அல்லது தெரிந்த ஒரு கடை போதும். மாணவர் குறைந்த பள்ளிகளில் ஓராசிரியரே பல வேலைகளைச் சுமப்பதால், போர்ட்டிக்சன் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகள் தம்முள் பாடங்களைப் பங்கிட்டுக் குரற்பதிவுகளை ஒரு பொதுத் தொகுப்பில் சேர்த்தல் நலம். ஒரு பள்ளி இரண்டாம் ஆண்டுக்குரியவற்றையும் மற்றொன்று மூன்றாம் ஆண்டுக்குரியவற்றையும் ஏற்கலாம். பதிவின் தொடக்கத்தில் ஆண்டு, பாடம், பக்க எண் மூன்றையும் ஆசிரியர் வாய்விட்டுச் சொல்லிவிடின், எழுத்தறியாத பாட்டியும் பேரப்பிள்ளைக்கு உரியதைக் கேட்டுத் தேர்ந்து கொடுக்க இயலும்.