பிரவுசர் தடுக்கும் தளம்: தாண்டலாமா, கூடாதா?

எங்கள் தெருவில், தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். தோஹாவில் இருக்கும் மகனுடன் முகம் பார்த்துப் பேச ஒரு லேப்டாப் வாங்கினார். மறு வாரமே என்னை அழைத்தார்.

"தம்பி, ஸ்கிரீன் பூரா செவப்பா வருது. உள்ளே போக விட மாட்டேங்கு. எப்படித் தாண்டணும்?"

போய்ப் பார்த்தேன். "மின் கட்டணம் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பு துண்டிக்கப்படும்" என்று வந்த செய்தியில் இருந்த லிங்க்கைத் திறந்திருக்கிறார். மின்வாரியத்தின் தளம் போலவே அமைக்கப்பட்ட போலித் தளம் அது. குரோம் பிரவுசர் அதைக் கண்டுகொண்டு சிவப்புப் பக்கத்தைக் காட்டியிருக்கிறது. "அண்ணாச்சி, பிரவுசர் தடுத்தால் எந்தக் காரணத்துக்காகவும் தாண்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். கையோடு ஃபயர்பாக்ஸ் பிரவுசரைப் பதிந்து, அதில் யுபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பானையும் சேர்த்தேன்.

நான் சொன்னது பாதிதான் சரி. அடுத்த மாதமே அது தெரிந்தது. அண்ணாச்சியின் மனைவிக்குக் கண் புரை ஆபரேஷன். தேதியை உறுதி செய்யும் லிங்க் இமெயிலில் வந்தது. அந்த லிங்க், யார் கிளிக் செய்தார்கள் என்று கணக்கெடுக்கும் வேறொரு தளத்தின் வழியாகச் சென்றதால் யுபிளாக் அதைத் தடுத்துவிட்டது. அண்ணாச்சி என் பேச்சைக் கேட்டு அப்படியே மூடிவிட்டார். உறுதி செய்யாததால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய், மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. தவறு என்னுடையது.

எனவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் தடைகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

1. ஆபத்து எச்சரிக்கை

திரை முழுவதும் சிவப்பாக வருவது இது. போலித் தளங்கள், வைரஸ் பரப்பும் தளங்கள் அடங்கிய பட்டியலை கூகுள் பராமரிக்கிறது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டும் அதைப் பயன்படுத்துகின்றன. விவரங்கள் என்பதில் கிளிக் செய்தால், ஆபத்தை ஏற்றுக்கொண்டு உள்ளே செல்லும் லிங்க் கிடைக்கும். வீட்டில் கம்ப்யூட்டர் பயன்படுத்தும் நமக்கு அது தேவையே இல்லை. திரும்பி வந்துவிடுங்கள்.

2. சான்றிதழ் எச்சரிக்கை

"உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று வரும். தளம் தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் சரியில்லை என்று பொருள். எல்லாத் தளங்களுக்கும் இப்படி வந்தால், முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழ்கள் எல்லாம் செல்லாதவையாகத் தெரியும். தேதியைச் சரி செய்தால் போதும். ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் வந்தால், அங்கே பாஸ்வேர்டு, கார்டு எண் எதையும் தராதீர்கள்.

சில தளங்களில் தாண்டும் வழியே இருக்காது. "என்னைப் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திற" என்று அந்தத் தளமே பிரவுசருக்குச் சொல்லி வைத்திருப்பதே காரணம். 2012ல் வரையறுக்கப்பட்ட இந்த ஏற்பாட்டின் பெயர் எச்.எஸ்.டி.எஸ்.

3. தடுப்பான் போடும் தடை

அண்ணாச்சிக்கு வந்தது இதுதான். இங்கே தளம் ஆபத்தானது என்று பொருள் இல்லை. விளம்பரம் அல்லது பின்தொடரும் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். தடுக்கப்பட்ட முகவரி எது, எந்தப் பட்டியலால் தடுக்கப்பட்டது என்பதை யுபிளாக் காட்டும். தொடர்ந்து செல்லவும் வழி தரும். அனுப்பியவர் நீங்கள் எதிர்பார்த்தவர்தானா என்று பார்த்து, ஒருமுறை மட்டும் அனுமதியுங்கள். நிரந்தரமாக அனுமதிக்க வேண்டாம். சந்தேகம் இருந்தால் போன் செய்து கேட்டுவிடுங்கள்.

4. மேலே இருந்து வரும் தடை

இது உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை. 2012ல் '3' திரைப்படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்டர்நெட் நிறுவனங்கள் விமியோ போன்ற தளங்களை முழுவதுமாக மூடிவிட்டன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் தடுத்தால் போதும் என்று அதே நீதிமன்றம் ஜூன் மாதம் தெளிவுபடுத்தியது. எங்கள் ஊரிலேயே, 2018 மே 22 துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள், தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இன்டர்நெட் நிறுத்தப்பட்டது. வெளியூரில் இருந்தவர்கள் வீட்டில் எல்லோரும் நலமா என்று போனில்தான் கேட்க முடிந்தது. இவற்றுக்கு எந்த பட்டனும் கிடையாது.

வழி இருக்க வேண்டுமா?

தாண்டும் வழியே கூடாது என்பவர்கள் ஒரு நியாயம் சொல்கிறார்கள்: பட்டன் இருந்தால் மக்கள் படிக்காமல் அழுத்துவார்கள். 2013ல் கலிபோர்னியா பல்கலைக்கழக, கூகுள் ஆய்வாளர்கள் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை ஆராய்ந்தார்கள். குரோமில் சான்றிதழ் எச்சரிக்கைகளில் 70 சதவீதம் தாண்டப்பட்டிருந்தன. ஆனால் வைரஸ், போலித் தள எச்சரிக்கைகளில் தாண்டப்பட்டவை கால்வாசிக்கும் குறைவு. எச்சரிக்கை தெளிவாக இருந்தால் மக்கள் நின்று யோசிக்கிறார்கள் என்றே இதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டியலைத் தயாரிப்பவரும் தவறு செய்யக்கூடியவர்தான். அதனால் வழி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் அது முதல் பக்கத்தில் பெரிய பட்டனாக இருக்கக் கூடாது. காரணத்தைப் படித்த பிறகே கிடைக்க வேண்டும். துறைமுக வாசலில் பாஸ் இல்லாதவரை நிறுத்துகிறார்கள். என்ன இல்லை என்றும் சொல்கிறார்கள். பிரவுசரும் அப்படிச் செய்ய வேண்டும். குழந்தைகளின் கம்ப்யூட்டரில் சாவி பெற்றோரிடமும், அலுவலகத்தில் நிர்வாகத்திடமும் இருக்கட்டும்.

அண்ணாச்சியின் லேப்டாப் அருகே இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "செவப்பு வந்தால் திரும்பு. மற்றது வந்தால் படி. புரியாவிட்டால் தம்பியைக் கூப்பிடு." ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போதெல்லாம் போனில், "தம்பி, தாண்டவா?" என்று கேட்பதில்லை. "தம்பி, இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிக்கேன், கேளு" என்றுதான் ஆரம்பிக்கிறார்.