தூக்கி எறிவதற்கு முன்...

'தேய்மானம்' என்ற சொல்லை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு பொருளின் மதிப்பு ஆண்டுதோறும் எவ்வளவு குறைகிறது என்று மாணவர்களுக்குக் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறேன். ஆனால், அந்தப் பொருள் உண்மையிலேயே தேய்ந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும் பாடத்தைப் பணி ஓய்வுக்குப் பிறகு, கடந்த கோடையில்தான் கற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக் கணினிக்கு வயது ஆறு. ஏப்ரல் மாதம் முதல் அது தடுமாறத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இயங்கும். நண்பகலுக்கு மேல் ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் காக்க வைக்கும். உள்ளிருக்கும் விசிறி இரைச்சலிடும். சில நேரங்களில் தானாகவே அணைந்துவிடும். பழுது பார்க்கக் கொண்டு சென்ற கடையில் மூடியைக்கூடக் கழற்றாமல், 'இதன் காலம் முடிந்துவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள்' என்று கூறி, நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு விலைப்புள்ளியையும் கையில் கொடுத்தனர்.

அந்த வாரமே தற்செயலாகச் சந்தித்த முன்னாள் மாணவர் ஒருவர், 'வாங்குவதற்கு முன் வெப்பநிலையைப் பாருங்கள், ஐயா' என்றார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவிப் பார்த்தோம். நுண்செயலியின் வெப்பநிலை 97 டிகிரி செல்சியஸ்!

கணினியின் மூளையாகிய நுண்செயலி, தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அனைத்தையும் வெப்பமாகவே வெளியிடுகிறது. 65 வாட் நுண்செயலி என்றால், பழைய குண்டு பல்பு ஒன்றின் வெப்பம் அஞ்சல் தலை அளவேயான சில்லில் திரள்கிறது என்று பொருள். மேசைக் கணினி நுண்செயலிகள் பலவற்றுக்கு வெப்ப வரம்பு 95 முதல் 100 டிகிரி வரை. அதை நெருங்கும்போது நுண்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போதும் வெப்பம் தணியாவிட்டால் கணினி அணைந்துவிடும். நாங்கள் முதுமை என்று எண்ணியது இந்தத் தற்காப்பைத்தான்.

வெப்பம் ஏன் வெளியேறவில்லை? நுண்செயலியின் மேல் உலோகத் தகடுகளும் விசிறியும் கொண்ட குளிர்விப்பான் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டு உலோகப் பரப்புகளும் கண்ணுக்கு வழவழப்பாகத் தோன்றினாலும், அவற்றில் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. அந்தப் பள்ளங்களில் காற்று தங்கிவிடும். செம்போடு ஒப்பிட்டால் காற்றின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ பதினைந்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவேதான் இடையில் 'தெர்மல் பேஸ்ட்' எனப்படும் வெப்பக்கடத்துப் பசையைப் பூசுகிறார்கள். அது காற்றைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால், செம்புக்கு ஒருபோதும் ஈடாகாது. காற்றை வெளியேற்றிப் பள்ளங்களை நிரப்புவதே அதன் வேலை. எனவே, தடிமனாகப் பூசினால் நன்மைக்குப் பதிலாகத் தீமையே விளையும்.

குளிர்விப்பானைக் கழற்றியபோது, எங்கள் கணினியின் பசை கோடைக்காலக் கண்மாய் மண்போல வறண்டு வெடித்துக் கிடந்தது. அதை அகற்றும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கணினியைச் சில நிமிடங்கள் இயக்கினால் பசை சற்று இளகும். பின்னர் மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, விசிறியின் கம்பியை விடுவித்து, திருகுகளைக் கழற்ற வேண்டும். குளிர்விப்பானை நேராக மேலே இழுக்கக் கூடாது. இடவலமாக மெல்லத் திருப்பி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 போன்ற வகைகளில், நுண்செயலியும் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்து, அதன் ஊசிகள் வளைந்துவிடக்கூடும்.

பழைய பசையை முதலில் உலர்ந்த மென்துணியால் துடைக்க வேண்டும். எஞ்சியதை, 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைக்கலாம். அது எச்சமின்றி விரைவில் ஆவியாகிவிடும். இழை உதிரும் பஞ்சும், தண்ணீரும், மண்ணெண்ணெயும், சுரண்டும் பிளேடும் கூடாது. உலோகம் பளிச்சென்று தெரிந்து நன்கு உலர்ந்த பின், விரலால் தொடாமல், நடுவில் ஒரு பட்டாணி அளவு புதிய பசையை வைத்துக் குளிர்விப்பானைப் பொருத்த வேண்டும். திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினால் அழுத்தம் சமமாகும். திரவ உலோக வகைப் பசையைப் புதியவர்கள் தவிர்ப்பதே நல்லது. அதிலுள்ள காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். மடிக்கணினியைத் திறப்பது அனுபவம் உள்ளவர்களின் வேலை.

செலவு ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவு. வெப்பநிலை 78 டிகிரிக்கு இறங்கியது. எனினும், விசிறியின் தாங்கி தேய்ந்து இரைச்சல் நிற்கவில்லை. ஆகவே, புதிய குளிர்விப்பான் ஒன்றைத் தேட வேண்டியதாயிற்று. அங்கே நான்கு கேள்விகள் எழுந்தன.

முதலாவது, அது நம் தாய்ப்பலகையில் பொருந்துமா? இன்டெல்லின் எல்ஜிஏ1200 வகையில் திருகுத் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர். அடுத்து வந்த எல்ஜிஏ1700 வகையில் 78 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் வேறுபாட்டால் வாங்கியது வீணாகிவிடும். இரண்டாவது, நுண்செயலி உண்மையில் எத்தனை வாட் எடுக்கும்? இன்டெல் கோர் ஐ9-13900கே நுண்செயலியின் அடிப்படை அளவு 125 வாட். உச்ச அளவோ 253 வாட். முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாந்து போவோம். மூன்றாவது, குளிர்விப்பானின் உயரம் கணினிப் பெட்டிக்குள் அடங்குமா?

நான்காவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம்: நம் அறையின் வெப்பநிலை என்ன? காற்றால் குளிர்விக்கும் எந்தக் கருவியும் அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டு செல்ல முடியாது. நுண்செயலியை அறைக்காற்றைவிட 40 டிகிரி கூடுதலில் நிறுத்தும் குளிர்விப்பான், குளிரூட்டிய 22 டிகிரி அறையில் 62 டிகிரி காட்டும். நம் ஊர் மே மாதத்தின் 38 டிகிரி அறையில் 78 டிகிரி காட்டும். ஆகவே, குளிர்ந்த அறையில் எடுத்த அளவுகளை நம்பாமல், தேவைக்கு ஒரு படி மேலானதை வாங்குவது அறிவுடைமை. அதற்காக, 65 வாட் நுண்செயலிக்கு விலை மிகுந்த நீர்க்குளிர்விப்பான் தேவையில்லை. அதன் நீரேற்றி பழுதாகக்கூடிய மற்றோர் உறுப்பு. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிய குளிர்விப்பானால் இப்போது எங்கள் கணினி 70 டிகிரியைத் தாண்டுவதில்லை.

மகிழ்ச்சி அடைய வேண்டிய நேரத்தில் பழைய நினைவு ஒன்று உறுத்தியது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, துறைத் தலைவர் என்ற முறையில், ஆய்வகத்தின் பதினெட்டுக் கணினிகளைப் பயனற்றவை எனத் தள்ளுபடி செய்யும் பட்டியலில் நான் கையெழுத்திட்டேன். 'மெதுவாக இயங்குகின்றன, கோடையில் அடிக்கடி நின்றுவிடுகின்றன' என்பதே பட்டியலில் இருந்த காரணம். அவை எடைக்குப் போயின. புதியவை வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த மாணவர்கள், புள்ளியியல் மென்பொருளைக் கரும்பலகையில் படித்துத் தேர்வு எழுதினார்கள். அந்தப் பதினெட்டும் பிழைத்திருக்கும் என்று கூறமாட்டேன். ஒன்றையேனும் திறந்து பார்த்திருக்கலாம்.

சேவையைப் பெற்ற பிறகும் அது தேவைதானா என்று வாங்குபவரால் கண்டறிய முடியாத சந்தைகளைப் பற்றி, 1973-இல் மைக்கேல் டார்பி, ஈடி கார்னி ஆகிய பொருளாதார அறிஞர்கள் எழுதினர். பழுது பார்ப்பதே அதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அந்தக் கோட்பாட்டைப் பாடமாக நடத்திய நானே அதற்குள் சிக்கிக்கொண்டேன். தனி மனிதர் கடைக்காரரை நம்புகிறார். நிறுவனங்கள் காகிதத்தை நம்புகின்றன. புதிதாக வாங்க நிதித் தலைப்பு உண்டு, திறப்பு விழாவும் உண்டு. தூசு துடைத்துப் பசை மாற்றுவதற்கு இரண்டும் இல்லை.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'பழுதுநீக்கும் உரிமை'க்கென இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. உற்பத்தியாளர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பை வகுத்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், கழிவான பிறகு மறுசுழற்சி செய்வதைவிட, கழிவாகாமல் காப்பதே சிக்கனம்.

பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களின் தள்ளுபடிப் படிவத்தில் இரண்டு கட்டங்களைக் கூடுதலாகச் சேர்க்கலாம்: 'சுத்தம் செய்வதற்கு முன் வெப்பநிலை', 'சுத்தம் செய்து பசை மாற்றிய பின் வெப்பநிலை'. அந்தக் கட்டங்கள் நிரப்பப்படாத பட்டியலில் எந்தத் துறைத் தலைவரும் கையெழுத்திடக் கூடாது. நான் இட்ட கையெழுத்தை இனி அழிக்க முடியாது. அடுத்தவர் பேனாவை எடுக்கும் முன் ஒரு கணம் தயங்கினால், அதுவே போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).