அறுபது மடங்கு சிறிய அமிர்தி

போன வாரம், கூடி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் விளையாட்டுகளின் இருபது முகப் பகடையோடு நிறுத்தியிருந்தேன். அதை உருட்ட ஒரு மேசை போதும். ஆனால், "காட்டுக்குள்ள வந்துட்டீங்க" என்று கதை நடத்துகிறவர் சொன்ன மறுநொடியே கேள்விகள் கிளம்பும். ஓடை எந்தப் பக்கம்? அந்தப் பாறைக்குப் பின்னால் ஒளிய முடியுமா? கரடி எத்தனை அடி தள்ளி நிற்கிறது? வாயால் சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் ஐந்து பேர் ஐந்து காடுகளை மனதுக்குள் வரைந்துகொள்வார்கள், பிறகு சண்டைதான். அதற்காக வந்தவைதான் டைல்கள். மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி தரை, பாறை, நீர் எல்லாம் அச்சிட்டு, ஒரு அங்குலக் கட்டம் போட்ட அட்டைகள். பக்கத்தில் பக்கத்தில் வைக்க வைக்கக் காடு வளரும்.

அளவு முக்கியம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் ஒரு அங்குலக் கட்டம் என்பது ஐந்து அடி நிலம். அதாவது நிஜத்தில் அறுபதில் ஒரு பங்கு. ஏ4 தாளில் ஓரம் விட்டால் 7க்கு 10 கட்டங்கள் நிற்கும். 35 அடி அகலம், 50 அடி நீளம், அவ்வளவுதான் ஒரு தாள்.

அக்கா பிள்ளைகளுக்காக அமிர்தியை டைலாக்க உட்கார்ந்தபோது இந்தக் கணக்குதான் முதலில் இடித்தது. வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ.யில், ஜவ்வாது மலை சரிந்து இறங்கும் இடத்தில் இருக்கிறது அமிர்தி. 1967இல் திறந்த உயிரியல் பூங்காவைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் போவார்கள். அதைத் தாண்டி அருவிக்குக் காட்டுக்குள் ஒரு கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். அந்த ஒரு கிலோமீட்டரை டைல் அளவுக்குச் சுருக்கினால் 16.7 மீட்டர் வரும். நெடுக்காக வைத்தாலும் 66 தாள்கள். எங்கள் வீட்டுக் கூடத்தில் இடம் போதாது, தெருவில்தான் விரிக்க வேண்டும்.

இதே ஒரு கிலோமீட்டர் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் இரண்டே சென்டிமீட்டர். அந்த வரைபடங்களும் ஒருவகையில் டைல்கள்தான் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நாடு முழுவதையும் அட்சரேகை, தீர்க்கரேகை வைத்துக் கட்டம் கட்டமாக வெட்டி எண் கொடுத்திருக்கிறார்கள். 79ஆம் தீர்க்கரேகை ஜவ்வாது மலையை நடுவே அறுத்துக்கொண்டு போவதால், பழைய எண்முறைப்படி காவலூர் வானாய்வகம் 57எல் கட்டத்திலும் அமிர்தி 57பி கட்டத்திலும் விழுகின்றன. ஒரே மலை, இரண்டு தாள். அந்த வரைபடத்தில் சமவுயரக் கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். மேசை அளவில் அது 33 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட முழங்கால் உயரம். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு அருவி மொத்தமாக ஒளிந்துகொள்ளலாம். ஆகவே வரைபடம் மட்டும் போதாது, நடந்து பார்த்தே ஆக வேண்டும்.

துண்டு துண்டாக நிலம் அடுக்கும் யோசனை இந்த விளையாட்டை விட வயதானது. 1812இல் பிரஷ்ய அரசருக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் ஒரு போர்ப் பயிற்சி மேசை செய்துகொடுத்தார். மேடு, ஆறு, சாலை எல்லாம் தனித்தனிச் சதுரத் துண்டுகள். வேண்டியபடி மாற்றி மாற்றி அடுக்கிக்கொள்ளலாம். 1824இல் அவருடைய மகன் துண்டுகளை விட்டுவிட்டுக் காகித வரைபடத்துக்கு மாறினார், பிரஷ்ய ராணுவமும் அதையே எடுத்துக்கொண்டது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது காட்டுப் பயணத்துக்கென்று தனியாக வரைபடம் எதுவும் போடவில்லை. 'அவுட்டோர் சர்வைவல்' என்று அதற்கு இரண்டு வருஷம் முன்னால் வந்திருந்த வேறொரு விளையாட்டின் அறுகோணக் கட்டப் பலகையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். எப்படித் திருப்பி வைத்தாலும் வழிகள் ஒன்றோடொன்று பொருந்துகிற நிலவறைத் தாள்கள் 1976இல் வந்தன. அந்தத் தாள்களிடம்தான் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது, வருகிறேன்.

முதலில் அச்சு. வெளிநாட்டுக் கோப்புகள் பல அமெரிக்க லெட்டர் தாளுக்கு, 8க்கு 10 கட்டமாக வரைந்தவை. ஏ4இல் எட்டு அங்குலத்தை வைத்தால் இரு பக்கமும் மூன்றரை மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. அந்த ஓரத்தில் பல பிரிண்டர்கள் அச்சடிப்பதில்லை. "ஓரம் கட்டாயிடும் தம்பி, அதான் ஃபிட் பண்ணிப் போட்டுட்டேன்" என்றார் கடைக்காரர். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் மூன்று சதவீதம் சுருங்கினாலே பத்தாவது கட்டத்தில் முக்கால் சென்டிமீட்டர் விலகிவிடும். பழைய தாளோடு புதிய தாளை வைத்தால் பாதை பாதையோடு சேராது. இப்போதெல்லாம், "அண்ணே, நூறு பர்சென்ட்லயே போடுங்க" என்று சொல்லிவிட்டு, முதல் தாள் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் மீதியை அடிக்கச் சொல்கிறேன். 300 ஜி.எஸ்.எம். அட்டை, லேசர் அச்சு. இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டால் இழுகிவிடும். வெட்டின விளிம்பில் வெள்ளை தெரியும், அதன்மேல் பழுப்பு ஸ்கெட்ச் பேனாவை ஒரு இழுப்பு இழுத்தால் தரையோடு கலந்துவிடும். மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த ரீஃபிலால் கோடு கீறிக்கொண்டால் அட்டை உடையாமல் மடியும்.

மேடுகளுக்கு யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. நவராத்திரிக்கு அம்மா கொலுப்படிக்குப் பக்கத்தில் ஒரு மலை கட்டுவார். பிரவுன் பேப்பரைக் கசக்கி, டப்பாக்கள் மேல் போர்த்தி, அடிவாரத்தில் கேழ்வரகு முளைக்கவிட்டு, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக வைப்பார். கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாறைக் காகிதம் கசக்குகிற வீடுகளுக்கும் இது தெரிந்த வேலை. நான் சேர்த்தது, தண்ணீர் விட்ட ஃபெவிகாலும் அளவும் மட்டும்தான். ஒரு அங்குலம் உயர்த்தினால் ஐந்தடி ஏற்றம்.

அமிர்தி ஓடையிலிருந்து ஆறு இடங்களைத் தேர்ந்து வரைந்தேன். யானை முதுகு போன்ற பாறைகள், அவற்றின் இடுக்கில் தேங்கிய நீர், மூங்கில் புதர், வேர் வெளியே தெரியும் கரை. ஆட்ட விதிப்படி ஒரு பாத்திரம் ஒரு முறைக்கு 30 அடி, ஆறு கட்டம் நகரலாம். கரடுமுரடான தரையில் ஒவ்வொரு கட்டமும் இரண்டுக்குச் சமம். ஆக, பாறை ஓடையில் மூன்றே கட்டம். அங்கே செருப்போடு நடந்து பார்த்தவர்களுக்கு இந்த விதி எவ்வளவு நியாயம் என்று புரியும்.

முதல் நாள் ஆட்டத்தில் டைல்களை என் இஷ்டத்துக்குத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே போனேன். அக்காவின் சின்ன மகள் நான்காவது தாளில் கையை வைத்து நிறுத்தினாள்.

"மாமா, தண்ணி மேல ஏறுது."

பார்த்தேன். உண்மைதான். அருவி மேசையின் தெற்கே இருந்தது. நான் வைத்த தாளிலோ நுரை தெற்கு நோக்கிச் சீறியது. நிலவறைக்கு எந்தத் திசையும் சம்மதம், நான்கு பக்கமும் வாசல் பொருந்தினால் போதும். மலை அப்படியில்லை. அதற்கு மேடு உண்டு, பள்ளம் உண்டு. தண்ணீர் ஒரு பக்கம்தான் போகும். அந்தப் பழைய நிலவறைத் தாள்களிடம் எனக்குள்ள வழக்கு இதுதான். ஐம்பது வருஷமாகக் காட்டு டைல்களையும் அதே வார்ப்பில் வரைகிறார்கள். அதனால்தான் அந்தக் காடுகள் எல்லாம் தட்டையாக, எந்த ஊருடையதும் இல்லாமல் கிடக்கின்றன.

எல்லாவற்றையும் திரும்ப வரைந்தேன். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் உயர எண் உண்டு. மேல் ஓரம் 4 என்றால் கீழ் ஓரம் 3. நாலோடு நாலுதான் சேரும். திருப்பி வைக்கும் சுதந்திரம் போனது, பதிலாகச் சரிவு கிடைத்தது. மேலே நிற்கிறவன் கல்லை உருட்டலாம், கீழே நிற்கிறவனுக்கு ஓட இடமில்லை என்பதெல்லாம் தானாக ஆட்டத்துக்குள் வந்தது.

பின்பக்கமும் வெற்றாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது. கோடையில் போனபோது கல் மட்டும் கிடந்த ஓடை, ஐப்பசி மழைக்குப் பிறகு போனபோது இரண்டு கரையும் தொட்டுக்கொண்டிருந்தது. எனவே முன்பக்கம் வறண்ட ஓடை, பின்பக்கம் அதே இடத்தில் வெள்ளம். எந்தக் கல் முழுகும், எது தலையை மட்டும் நீட்டும் என்பதைப் போட்டோக்களை வைத்துக்கொண்டு வரைந்தேன். விதி எளியது. மலைமேல் இடி கேட்டதாகக் கதையில் சொன்ன பிறகு, ஒவ்வொரு சுற்றிலும் பகடை உருட்ட வேண்டும். 15க்கு மேல் விழுந்தால் அருவிக்கு அடுத்த தாளிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே இறங்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை 17 விழுந்தது. முதல் தாளைப் புரட்டினேன். இரண்டாவதற்குக் கை போவதற்குள் நான்கு பேரும் நாற்காலியை விட்டு எழுந்து, தங்கள் பொம்மைகளில் எது எந்தக் கல்மேல் நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.