நகத்தில் தட்டுப்பட்ட மேடு

"கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ந்துக்கிட்டே இரும்பு வெட்டுறியா?" என்று அம்மா இன்னமும் கேட்பார். ஆமாம், அதுதான் என் வேலை. பிறையில் ஒரு சிறிய மோல்டு பட்டறையில் நான் சி.என்.சி. புரோகிராமர். பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் இரும்பு அச்சுகளை இயந்திரம் வெட்டும். கட்டர் எங்கே இறங்க வேண்டும், எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்ற பாதையைக் கணினியில் போட்டுக் கொடுப்பது நான். பட்டறையில் இதை டூல்பாத் என்போம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, உணவு டப்பாவுக்கான மூடி ஒன்றின் அச்சு வந்தது. கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி லேசான வளைவு. மூடியோ கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவான பிளாஸ்டிக்கில் எதையும் மறைக்க முடியாது. இரும்பில் இருக்கும் கீறல் அப்படியே மூடியில் தெரியும்.

6 மி.மீ. பால்நோஸ் கட்டரால் இறுதி வெட்டை முடித்து, துடைத்து, பெருமையாகப் பாலிஷ் பிரிவுக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் அக்கா எனக்கு முன்பே பல வருடங்களாகக் கல்லும் வைரப் பசையுமாக உழைப்பவர். தோளில் கோயோக் ஒட்டிக்கொண்டுதான் வேலைக்கு வருவார். அச்சைக் கையால் ஒருமுறை தடவினார்.

"தம்பி, இங்க நகத்தை வச்சு இழுத்துப் பாரு."

இழுத்தேன். தட்டியது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது கண்ணுக்கும் தெரிந்தது. சில இடத்தில் பட்டை பட்டையாக, சில இடத்தில் மீன் செதில் போல.

"இதைக் கல்லு போட்டு எடுக்க எனக்கு ரெண்டு நாளு ஆகும். எடுத்த பிறகு உன் வளைவு வளைவா இருக்காது."

வாடிக்கையாளரின் சோதனை வார்ப்புக்கு நான்கே நாள்தான் இருந்தது. ஸ்பிண்டல் பேரிங் போய்விட்டது என்று தவுக்கே முடிவு செய்து, சர்வீஸ் ஆளைக் கூப்பிடத் தயாரானார். நானும் தலையாட்டினேன். இயந்திரம் தப்பு என்றால் என் தப்பு இல்லையே.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. ஒரு வீண் இரும்புக் கட்டையில் அதே வளைவை வெட்டிப் பார்த்தேன். முதலில் கை வைத்தது ஸ்டெப்ஓவரில், அதாவது ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் உள்ள இடைவெளியில். கட்டரின் முனை உருண்டை என்பதால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே ஏர் உழுத நிலம் போலச் சிறு வரப்பு நிற்கும். இடைவெளியின் வர்க்கத்தை முனை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வரப்பின் உயரம் கிடைக்கும். என் இடைவெளி 0.2 மி.மீ., ஆரம் 3 மி.மீ. உயரம் 0.0017 மி.மீ. வருகிறது. இடைவெளியைப் பாதியாக்கினால் வரப்பு கால்வாசியாகும், வெட்டும் நேரம் இரட்டிப்பாகும். பாதியாக்கினேன். அரைநாள் போனது. மேடு போகவில்லை.

கட்டையைப் பார்த்து அக்காதான் சொன்னார்: "கட்டர் இப்படிப் போயிருக்கு. மேடு குறுக்கால இருக்கே தம்பி?"

படித்த எனக்கு அது தோன்றவில்லை. வரப்பு கட்டர் ஓடிய திசையிலேதான் நிற்கும். குறுக்கே நிற்கிற மேட்டுக்கும் ஸ்டெப்ஓவருக்கும் சம்பந்தமே இல்லை. அப்படியானால் ஒன்று இயந்திரம் அதிர்கிறது, இல்லை பாதையே சரியில்லை. அதிர்வு என்றால் ஓட்ட வேகத்தைக் குறைத்ததும் மேடுகளுக்கு இடையிலான தூரமும் குறைய வேண்டும். வேகத்தைப் பாதியாக்கி ஓட்டி, இரும்பு ஸ்கேலால் அளந்தேன். முன்பும் சுமார் ஐந்தரை மி.மீ., இப்போதும் அதேதான்.

கணினிக்குப் போய், பாதையில் உள்ள புள்ளிகளைக் காட்டும் வசதியைத் திறந்தேன். நாம் திரையில் பார்ப்பது அழகான வளைவு. இயந்திரத்துக்குப் போவது புள்ளிக்குப் புள்ளி இழுத்த குட்டி நேர்கோடுகள். அந்தக் கோடு உண்மையான வளைவிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதுதான் டாலரன்ஸ். என் ஃபினிஷிங் பாதையில் அது 0.025 என்று இருந்தது! கரடுமுரடாக வெட்டும் ரஃபிங் டெம்ப்ளேட்டை அப்படியே நகலெடுத்து, கட்டரையும் ஸ்டெப்ஓவரையும் மட்டும் மாற்றியிருக்கிறேன். நான் பயந்த வரப்பைப் போல ஏறக்குறைய பதினைந்து மடங்கு தவறு, நானே கொடுத்த அனுமதியோடு.

வளைவின் ஆரம் 150 மி.மீ. எட்டு, 150, 0.025 மூன்றையும் பெருக்கினால் 30. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5. ஸ்கேல் காட்டிய அதே அளவு. வயிற்றைக் கலக்கியது.

தவுக்கேயிடம் போய் இயந்திரத்தில் ஒன்றுமில்லை, தப்பு என்னுடையது என்றேன். சர்வீஸ் ஆளை வேண்டாமென்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்.

டாலரன்ஸை 0.002 ஆக்கினேன். கோடுகள் ஒன்றரை மி.மீ. அளவுக்குக் குறுகின. அடுத்த தொல்லை உடனே வந்தது. புள்ளிகள் பெருகியதால் இயந்திரம் தயங்கித் தயங்கி ஓடியது. எங்கள் ஃபானுக் கன்ட்ரோலில் ஜி05.1 கியூ1 என்று ஒரு வரி சேர்த்தால், வரப்போகும் பாதையை முன்கூட்டியே படித்துச் சீராக ஓட்டும். அந்த வரியைச் சேர்க்கவும் நான்தான் மறந்திருந்தேன்.

அசல் அச்சில் ஏற்கனவே பள்ளம் விழுந்த இடங்கள் இருந்ததால், முழு வளைவையும் 0.05 மி.மீ. இறக்கி மறுபடி வெட்டி, அடியில் ஷிம் தகடு வைத்து உயரத்தை ஈடுகட்டினோம். இம்முறை அக்காவிடம் கொடுக்கும் முன் நானே நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன். தட்டவில்லை. உச்சியில் மட்டும் ஒரு மங்கலான வட்டம். பால்நோஸின் நுனி சுழன்றாலும் நட்டநடுவில் அதற்கு வேகமே கிடையாது. அங்கே இரும்பை வெட்டாமல் தேய்க்கத்தான் செய்யும்.

"அது கிடக்கட்டும், நான் பார்த்துக்குறேன்" என்றார் அக்கா. மதியத்துக்குள் பாலிஷ் முடிந்தது. தே தாரிக் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மாலையே அந்த டெம்ப்ளேட்டின் பெயரை மாற்றினேன்: 'ரஃபிங் மட்டும்'.